மூளைக்குக் காந்த வைத்தியம்... நம்பலாமா?

காந்தம் என்றால் நம் ஜனங்களுக்கு எப்போதுமே ஒரு மயக்கம் உண்டு. காந்தக் காப்பு, காந்தச் செருப்பு, காந்தத் தண்ணீர், காந்த மெத்தை என்று புதிது புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்கும். வந்த வேகத்தில் நாலு வீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போகும். எங்கள் திருப்பூர்ப் பக்கம் இது கொஞ்சம் தூக்கல். பனியன் கம்பெனி ஊர். வாரச் சம்பளம் கையில் புரளும். குனிந்து குனிந்து தைத்து, கழுத்து வலி, இடுப்பு வலி இல்லாத ஆளைப் பார்ப்பதே அபூர்வம். வலியும் காசும் ஒரே வீட்டில் இருந்தால் விற்கிறவனுக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் இப்போது பேச்சில் அடிபடுகிற காந்தம் வேறு ரகம். தலைக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளை வைத்து, மூளைக்குள் காந்தத் துடிப்புகளை அனுப்புகிறார்கள். ‘டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன்’ என்று நீட்டி முழக்கிப் பெயர். சுருக்கமாக டி.எம்.எஸ். ‘மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்’ என்ற நரம்பு நோயில் தடுமாறுகிற கையையும் காலையும் இது சீராக்குமா என்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. செய்தி கைபேசி வழியாக நல்லூருக்கும் வந்துவிட்டது. “ஏனுங்க டாக்டர், மூளைக்குக் காந்தம் வெச்சா நடை நேராயிருமாமே, நெசந்தானுங்களா?” என்று கேட்கிறார்கள்.

‘சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கால் மரத்துப் போனாலும், நடை தள்ளாடினாலும், ‘வாதக் கோளாறு’ என்று சொல்லிக்கொண்டு நம் மக்கள் முதலில் ஏறுகிற படி எங்கள் படிதான். முதலில் பார்க்கிறவனுக்குத்தான் முதல் பொறுப்பு. அதனால் எழுதுகிறேன்.

டைமிங் தப்பிய மெஷின்

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் போகிற நரம்பு இழைகளைச் சுற்றி ‘மயலின்’ என்ற கொழுப்புறை இருக்கிறது. கரண்ட் ஒயர் மேல் ரப்பர் உறை மாதிரி. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறாட்டம் செய்து இந்த உறையை அரித்துவிடுவதுதான் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். எம்.எஸ். என்பார்கள். தமிழில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று எழுதுகிறார்கள். பெயரில் தண்டுவடம் மட்டும் இருந்தாலும் மூளையையும் தாக்கும்.

பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், குடும்பம் தலையெடுக்கிற பருவத்தில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். உலகம் முழுக்க 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020-இல் கணக்கிட்டார்கள். ‘இதெல்லாம் குளிர் நாட்டு நோய்’ என்று ஒரு காலத்தில் நம் நாட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவிய பிறகுதான் இங்கேயும் இருக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது. மங்களூரில் எடுத்த கணக்கு ஒன்றில் லட்சம் பேருக்கு எட்டுப் பேர் அளவில் இருந்தது.

பாரிஸ் நகர மருத்துவர் ஷார்க்கோ 1868-இல் இந்த நோயைத் தெளிவாகப் பிரித்து விவரித்தபோது மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டார். கண்விழி தானாக ஆடுவது, ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டும்போது நடுக்கம் காண்பது, பேச்சு துண்டு துண்டாக வருவது. மூன்றுமே முக்கியமாகச் சிறுமூளையோடும் அதன் இணைப்புகளோடும் சம்பந்தப்பட்டவை. அதாவது, ஒத்திசைவு கெடுவது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஓவர்லாக் மெஷினில் மோட்டார் நன்றாக ஓடும். ஊசி புதுசு. நூலும் நல்ல நூல். ஆனாலும் லூப்பர் டைமிங் தப்பினால் தையல் விட்டு விட்டு விழும். எம்.எஸ். நோயாளியின் தடுமாற்றம் பல சமயம் இப்படித்தான். தசையில் பலம் இருக்கும். கை முறுக்கிப் பார்த்தால் நம்மையே மடக்கிவிடுவார்கள். ஆனால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் காபி சட்டையில்! ‘சத்துப் பத்தலை, டானிக் குடி’ என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கெட்டுப் போனது மோட்டார் அல்ல, டைமிங்.

இங்கே ஒரு வீட்டில்

காங்கயம் ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிளாட்லாக் தைக்கிற பெண் ஒருத்தி. முப்பது தாண்டிய வயது. இரண்டு குழந்தைகள். பீஸ் ரேட்டில் மற்றவர்களைவிட அதிகம் எடுக்கிற கை. ஒரு கட்டத்தில் தையல் கோணலாகப் போக ஆரம்பித்தது. பெடலை மிதிக்கிற காலும், துணியைத் தள்ளுகிற கையும் ஒன்றுக்கொன்று பிந்தின. சூப்பர்வைசர் திட்டினார். வீட்டில் மாமியார், ‘கண்ணு பட்டுருச்சு’ என்று சுற்றிப் போட்டார். நடை தள்ளாடியபோது தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். என்னிடம் வந்தபோது கேட்டேன்: “அம்மணி, இதுக்கு முன்னால கண்ணு ஏதாச்சும் மங்குச்சா?”

“ஆமாங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு கண்ணு வலியோட மங்கிப் போச்சுங்க. ஒரு மாசத்துல அதுவா சரியாயிருச்சு, உட்டுட்டனுங்க.”

அந்த ஒரு பதில் போதும். வலியோடு ஒரு கண் மங்கி, தானாகத் தெளிந்து, பிறகு வேறொரு இடத்தில் நரம்புக் கோளாறு வந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. கஷாயம் எதுவும் எழுதாமல் கோவைக்கு, நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் எம்.எஸ். என்று உறுதியானது. நோய் முற்றாமல் தடுக்கும் ஊசி ஆரம்பித்தார்கள். நோய் கட்டுப்பட்டது. ஆனால் கைத் தடுமாற்றம் முழுக்கப் போகவில்லை.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். சொந்தக்காரர் ஒருவர் காந்த மெத்தை நோட்டீசோடு வந்தார். ‘மூளைக்கே காந்தம் வைக்கிறாங்க, மெத்தை அதே தத்துவந்தான்’ என்று விளக்கம் வேறு. வீட்டுக்காரர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: “ஊசிக்கு ஆகற காசை நிறுத்திப்போட்டு, இதுல போட்டுப் பார்க்கட்டுங்களா?”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். அவர் கெட்டவர் இல்லை. மனைவியின் கை பழையபடி ஆக வேண்டும் என்று துடிக்கிறார். ஆனால் அவர் செய்ய நினைத்த காரியம் அந்தப் பெண்ணின் காலையே பறித்துவிடும். நோயைத் தடுக்கிற மருந்தை நிறுத்தினால் அடுத்த தாக்குதல் எங்கே, எவ்வளவு பலமாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நிற்கிற சைக்கிளில் விளக்கு எரியுமா?

மெத்தைக்கும் டி.எம்.எஸ்.ஸுக்கும் ‘ஒரே தத்துவம்’ என்பது சுத்தப் பொய். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் உரசிக்கொண்டு டைனமோ சுற்றினால் முன்விளக்கு எரியும். சைக்கிளை நிறுத்தினால்? அணைந்துவிடும். உள்ளே காந்தம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது அசையவில்லை. காந்தப் புலம் மாறினால்தான் மின்சாரம் பிறக்கும், சும்மா இருந்தால் பிறக்காது என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்ததை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம்.

காந்த மெத்தை என்பது நிறுத்தி வைத்த சைக்கிள். அதன் மேல் எத்தனை மணி நேரம் படுத்தாலும் உங்கள் நரம்பில் மின்சாரம் ஓடாது. டி.எம்.எஸ். என்பது ஓடுகிற சைக்கிள். 1985-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோணி பார்க்கரும் அவர் சகாக்களும் இதைச் செய்து காட்டினார்கள். சுருளில் பலமான மின்சாரத்தைக் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குப் பாய்ச்சுவார்கள். அந்தக் கணத்தில் உண்டாகிற காந்தப் புலம், எம்.ஆர்.ஐ. மெஷினின் புலத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் பலமானது. அது தோலையும் மண்டையோட்டையும் வலியில்லாமல் தாண்டி, மூளையின் மேற்பரப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை சின்ன மின்னோட்டத்தை எழுப்பும். கைக்குரிய இடத்தின் மேல் சுருளை வைத்துத் தட்டினால், நீங்கள் நினைக்காமலே விரல் துள்ளும்!

இதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மூளையின் அந்தப் பகுதி கொஞ்ச நேரத்துக்கு விழிப்பாகவோ மந்தமாகவோ ஆகிறது. பொதுவாக, வேகமான துடிப்பு தூண்டும், மெதுவான துடிப்பு அடக்கும். இதைச் சிகிச்சைக்கும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு, மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு 2008-இலும், ஒரு வகை ஒற்றைத் தலைவலிக்கு 2013-இலும், ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018-இலும் அனுமதி தந்தது. நம் நாட்டிலும் பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் மனநோய்களுக்கு இந்தச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் நடக்கின்றன. ஆக, இது டுபாக்கூர் சமாச்சாரம் அல்ல. ஆனால் அந்த அனுமதிப் பட்டியலில் எம்.எஸ். இல்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

ஒன்பது குச்சி, ஒன்பது துளை

சரி, எம்.எஸ். நோயில் ஆராய்ச்சி என்னதான் சொல்கிறது?

கைத் திறமையை அளக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு பலகையில் ஒன்பது துளைகள், ஒன்பது குச்சிகள். ஒவ்வொன்றாகச் சொருகி, திரும்ப எடுக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். நம் பல்லாங்குழிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008-இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள், சிறுமூளை பாதிக்கப்பட்ட எம்.எஸ். நோயாளிகள் எட்டுப் பேருக்கு விநாடிக்கு ஐந்து துடிப்பு வீதம் மூளையின் இயக்கப் பகுதியில் கொடுத்தார்கள். குச்சி சொருகும் நேரம் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் அந்த முன்னேற்றம் தற்காலிகம்தான். எட்டே பேர் என்பதையும் கவனியுங்கள்.

2011-இல் அதே இத்தாலியில் இன்னொரு ஆய்வு, 30 பேரை வைத்து. இது தடுமாற்றத்துக்கு அல்ல, கால் விறைப்புக்கு. சிலருக்கு உடற்பயிற்சியோடு துடிப்பு, சிலருக்கு உடற்பயிற்சியோடு பொய்த் துடிப்பு, சிலருக்குத் துடிப்பு மட்டும். துடிப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு விறைப்பு குறைந்தது, அவ்வளவோடு சரி. பயிற்சியும் துடிப்பும் சேர்ந்து பெற்றவர்களுக்கோ விறைப்பு மட்டுமின்றிச் சோர்வும் குறைந்தது. அன்றாட வேலைகளும் சுலபமாயின. 2020-இல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வில், 20 நோயாளிகளுக்குச் சமநிலைப் பயிற்சி கொடுத்து, அதோடு சிறுமூளைக்கு உண்மைத் துடிப்பும் பொய்த் துடிப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மைத் துடிப்பு பெற்றவர்களுக்கு நடையும் சமநிலையும் கூடுதலாகத் தேறின.

எட்டு, முப்பது, இருபது. இவ்வளவுதான் ஆட்கள்! ‘நம்பிக்கை தரும் ஆரம்பம்’ என்று சொல்லலாம். ‘குணமாகும்’ என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஆய்வுகளில் ஓர் இழை தொடர்ந்து வருவதைப் பாருங்கள். நிலத்தை ஈரமாக்குகிற வேலைதான் காந்தத்துக்கு. உழுது விதைக்கிற வேலை பயிற்சிக்கு. ஈரம் மட்டும் இருந்தால் களைதான் முளைக்கும். மெஷின் மெக்கானிக் டைமிங் சரி செய்து கொடுத்தாலும், டெய்லர் உட்கார்ந்து தைத்தால்தானே பீஸ் விழும்?

இன்னொன்று. துடிப்பு எதுவும் அரித்துப் போன மயலினைத் திரும்பப் பூசுவதாக யாரும் நிரூபிக்கவில்லை. நோயின் வேகத்தைக் குறைப்பது மருந்துகள். 1993-இல் முதல் இன்டர்ஃபெரான் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு ஊசியாகவும் மாத்திரையாகவும் பல வந்துவிட்டன. அந்த இடத்தைக் காந்தத்துக்குக் கொடுக்கவே முடியாது.

பாரிஸ் தோட்டத்து மரம்

‘பொய்த் துடிப்பு எதற்கு? நோயாளியை ஏமாற்றுவதா?’ என்று கேட்கலாம். இதற்கு ஒரு ருசியான கதை உண்டு. மெஸ்மரிசம் என்ற வார்த்தை நமக்குத் தெரியும். அதற்குப் பெயர் கொடுத்த மெஸ்மர், உடம்பில் ஒரு காந்தச் சக்தி ஓடுவதாகவும் அதைத் தான் செலுத்தி நோய் தீர்ப்பதாகவும் பாரிஸில் கொடிகட்டிப் பறந்தவர். 1784-இல் மன்னர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். அதில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருந்தார், ரசாயன மேதை லவாய்சியர் இருந்தார். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் ‘காந்தம் ஏற்றி’வைத்து, ஒரு பையனின் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அழைத்துப் போனார்கள். பையன் நாலாவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். ஆனால் காந்தம் ஏற்றிய மரம் அதுவல்ல! அவனை விழ வைத்தது காந்தம் இல்லை, எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்புக்கு அவ்வளவு பலம். அதனால்தான் இன்றைக்கும் டி.எம்.எஸ். ஆய்வுகளில் டக் டக் என்று சத்தம் மட்டும் போடுகிற பொய்ச் சுருளையும் வைத்துச் சோதிக்கிறார்கள். உண்மைச் சுருள் பொய்ச் சுருளை ஜெயித்தால்தான் மதிப்பு. இந்த அளவுகோலை நம் சித்த மருந்துகளுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கோபித்துக்கொள்ளும் சக வைத்தியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்கள் காந்தம் வேறு

‘இதெல்லாம் நம்ம சித்தர்கள் அன்னிக்கே செஞ்சதுதான்’ என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். காந்தக் கல் எங்கள் மருந்துப் பட்டியலில் உண்டு, மறுக்கவில்லை. அயக்காந்தச் செந்தூரம் என்று பெயர். ஆனால் அது காந்தத்தையும் இரும்பையும் சுத்தி செய்து, அரைத்து, புடம் போட்டுச் செந்தூரமாக்கி, ரத்தசோகை போன்ற நோய்களுக்கு உள்ளே கொடுப்பது. மூளைக்குத் துடிப்பு அனுப்புவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று பேசுவது சித்தர்களுக்குச் செய்கிற மரியாதை அல்ல.

யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாத நோய்களை 80 என்று வகுக்கிறது. அந்த எண்பதில் ஒன்றை எடுத்து எம்.எஸ். மேல் ஒட்டிவிட்டு, ‘இந்த வாதத்துக்கு எங்களிடம் மருந்து இருக்கு, இங்கிலீஷ் ஊசியை நிறுத்து’ என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். எதிர்ப்புச் சக்தியே எதிரியாக மாறிய நோய் இது. அந்தச் சக்தியை இன்னும் ஏற்றிவிடுவதாகச் சொல்கிற லேகியத்தையும் சூரணத்தையும் உங்கள் நரம்பியல் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள்.

அப்படியானால் எங்களால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். விறைத்த தசைக்கு மிதமான தொக்கணம், மலச்சிக்கலுக்கு உணவு முறை, தூக்கத்துக்கு ஒழுங்கு, மனசுக்குத் தைரியம். இதெல்லாம் கூடவே நடக்கிற துணை வேலைகள். ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை: சூடு ஆகாது!

வாதம் என்றதும் நம் வீடுகளில் வெந்நீர் ஒற்றடம், வேது பிடிப்பது, எண்ணெய் தேய்த்துக் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது என்று இறங்கிவிடுவார்கள். எம்.எஸ். நோயாளிக்கு உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே உறை போன நரம்பில் செய்தி தடைப்படும். கண் மங்கும், கால் துவளும். ஜெர்மன் கண் மருத்துவர் உட்ஹாஃப் 1890-லேயே இதைக் கவனித்து எழுதினார். ஒரு காலத்தில் இந்த நோயைக் கண்டுபிடிக்கவே வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சூடு தணிந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அதற்குள் குளியலறையில் வழுக்கி விழுந்தால்? எங்கள் ஊர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், அயர்னிங் செக்‌ஷன் நீராவிப் பக்கத்தில் இவர்களை நிறுத்தி வைப்பது கொடுமை. முதலாளிமார்கள் இடத்தை மாற்றிக் கொடுங்கள். வீட்டில் ஈரத் துண்டு, மின்விசிறி, விடியற்காலைப் பயிற்சி. செலவில்லாத வைத்தியம் இதுதான்.

பணம் கட்டும் முன்னால்...

யாராவது உங்கள் வீட்டு நோயாளிக்கு டி.எம்.எஸ். சிபாரிசு செய்தால், உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உடனே சரி என்றும் சொல்லாதீர்கள். இவற்றைக் கேளுங்கள்.

நோய் எம்.எஸ்.தான் என்று நரம்பியல் நிபுணர் உறுதி செய்துவிட்டாரா? எம்.எஸ். போலவே தோன்றும் ‘நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா’ என்ற வேறொரு நோயும் நம் நாட்டில் உண்டு. அதற்கு ரத்தப் பரிசோதனை தனி, மருந்தும் தனி. ஒன்றுக்கு ஏற்ற மருந்து இன்னொன்றுக்குக் கெடுதல் செய்யலாம்.

நோயைத் தடுக்கிற மருந்து தொடர்கிறதா? ‘அதை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம்’ என்று யார் சொன்னாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

எந்தக் குறைக்காகக் கொடுக்கிறார்கள்? கைத் தடுமாற்றமா, கால் விறைப்பா, மனச்சோர்வா? முன்னும் பின்னும் எதை வைத்து அளப்பார்கள்? ‘பொதுவா எல்லாத்துக்கும் நல்லதுங்க’ என்றால் அது மெத்தை வியாபாரி பேச்சு.

கூடவே பயிற்சி உண்டா? பயிற்சி இல்லாத துடிப்பில் நீங்கள் எதிர்பார்க்கிற கைத் திறமை வந்துவிடாது.

பாதுகாப்புச் சோதனை செய்தார்களா? தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, வலிப்பு வந்த வரலாறு, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். சாதாரணமாக வரக்கூடியது தலைவலியும் தலைத்தோல் எரிச்சலும்தான். ஆனால் அபூர்வமாக வலிப்பு வரலாம். அதனால் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இது ஆராய்ச்சியா, சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் உங்களுக்குப் புரிகிற பாஷையில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஆராய்ச்சிக்கான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை.

பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு...

என் ஆதங்கம் வேறொன்றிலும் இருக்கிறது. வெளியூர்க் காந்தத்துக்குக் கடன் வாங்கத் தயாராக இருக்கிற வீட்டில், பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு நாள் கூட்டிப் போக ஆள் இல்லை. ‘அது சும்மா கையக் கால ஆட்டறதுதானுங்களே’ என்கிறார்கள். சும்மா ஆட்டுவதா? தடுமாறுகிற காலுக்கென்றே ஃபிரெங்கல் பயிற்சி என்று ஒன்று நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. கண்ணால் பார்த்துக்கொண்டே, எண்ணிக்கொண்டே, மெதுவாகக் காலை நகர்த்திக் குறித்த இடத்தில் வைப்பது. தரையில் கோலப் புள்ளி வைத்துப் பாதம் பதிக்கச் சொல்லலாம். யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கைக்குப் பல்லாங்குழி, பட்டன் பொறுக்குவது, பிசிறு பிரிப்பது. சோர்வு வருமுன் நிறுத்தி, ஓய்வு கொடுத்து, மறுபடி செய்ய வேண்டும். எது, எத்தனை தடவை என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. திருப்பூருக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், எம்.எஸ். நோயைப் பெயர் சொல்லியே தன் 21 வகைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு. யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. இதில் எத்தனை விஷயம் நோயாளி வீட்டுக்குத் தெரியும்? காந்த மெத்தை நோட்டீஸ் வாசலுக்கு வந்துவிடுகிறது, இந்தத் தகவல் வருவதில்லை!

டி.எம்.எஸ். வளரட்டும். பெரிய ஆய்வுகள் நம் நாட்டிலும் நடக்கட்டும். நம் வெயிலிலும் நம் சாப்பாட்டிலும் வாழ்கிற நோயாளிகளை வைத்துப் பலன் தெரியட்டும். நல்ல பலன் வந்தால் அரசு ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டு வாங்குவோம். முதல் ஆளாக நானே சீட்டு எழுதி அனுப்புவேன். அது வரைக்கும் வரிசை இதுதான்: முதலில் சரியான நோய்க் கணிப்பு, இரண்டாவது நிறுத்தாத மருந்து, மூன்றாவது தினப் பயிற்சி. காந்தம் வந்தால் நாலாவதாக வந்து நிற்கட்டும். வீட்டில் தடுமாறி நடக்கிற ஒருவர் இருந்தால், ‘கண்ணு பட்டுருச்சு’ என்று உட்கார்ந்திருக்காமல், இந்த வாரமே ஒரு நரம்பியல் நிபுணரிடம் கூட்டிப் போங்கள். கண் எப்போதாவது மங்கியதா என்று மட்டும் போகிற வழியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.